டிரைவர் அண்ணன் வடித்த சாமைச் சோறு

பஸ்ஸின் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி எப்போதும் இருக்கும். தொண்ணூற்று ஒன்பதில் நான் கொல்லிமலைக்குக் கிராமச் செவிலியராக வந்த புதிது. சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்த ஒரு காலையில், டிரைவர் அண்ணன் அந்தப் போசியைத் திறந்து என்னிடம் நீட்டினார். உள்ளே சாமைச் சோறு, அடி பிடித்து, மேலே கூழாகி, நடுவில் வேகாமல் கிடந்தது. "இதுல என்னங்க தப்பு, நர்சம்மா? ரெண்டு புள்ளைங்களும் தொடமாட்டேங்குதுங்க" என்றார். எனக்கும் தெரியவில்லை. தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த நான் அப்போது ரொட்டியும் வாழைப்பழமும் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்து ஆறு மாதமாகியிருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். திண்ணனூர் நாடு என்று சொல்லும் மலையூர்த் தொகுதியில், ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் வீடு. மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவளுக்கு ஆறு. இளையவளுக்கு மூன்று வேளையும் டீயும் வர்க்கி பிஸ்கட்டும்தான். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன்; உள்ளே வெளுத்துக் கிடந்தது. பரிசோதனையிலும் ரத்தம் மிகக் குறைவு என்றே வந்தது. செய்தி அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் இருந்த பெரியம்மாவுக்கு, அதாவது இறந்தவரின் அக்காவுக்கு எட்டியது. அடுத்த வாரமே மலையேறி வந்துவிட்டார். வெடுக்கென்று பேசுபவர், ஆனால் மனதில் ஈரம் உள்ளவர். "ஆம்பளை ஆக்கிப் போட்டுப் புள்ளை தேறுமா தம்பி? சின்னவளை நான் கூட்டிட்டுப் போறேன். எங்கூட்டுப் புள்ளைங்களோட அவளும் இருக்கட்டும்" என்றார். அண்ணன் இளையவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "முழுப்பரீட்சை வரைக்கும் உடுங்கக்கா. அதுக்குள்ள தேறலைன்னா நானே கொண்டாந்து உடறேன்" என்று சொன்னார்.

ராகி, முருங்கைக்கீரை, முட்டை, நிலக்கடலை, சோற்றில் பிழிய எலுமிச்சை, சாப்பாட்டோடு டீ கூடவே கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்படி எத்தனையோ வீடுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஓட்டு இடுக்கில் செருகப்பட்டு அங்கேயே மஞ்சளாகிப் போகும். அண்ணன் அதை பஸ்ஸுக்கே எடுத்து வந்துவிட்டார். சந்தைக்குக் கூடையோடு ஏறும் பெண்களிடம் கூச்சப்படாமல் கேட்டார். "உலை நல்லாக் கொதிச்சப்புறம் சாமையைப் போடுங்க. தண்ணி சுண்டுனதும் இறக்கித் தணல்ல மூடி வெச்சிருங்க" என்று ஒருத்தி சொல்ல, "தணல் அதிகமா இருந்தா அடி பிடிக்கும்ங்க" என்று பின்சீட்டிலிருந்து இன்னொருத்தி திருத்துவாள். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். நாளுக்குப் பத்து டீ குடிக்கும் மனிதர், வீட்டில் இருந்த டீத்தூள் டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். டூட்டி இல்லாத நாளில் சாமையில் கல் பொறுக்கி, ராகியைக் கழுவிக் காயவைத்து, மறுநாளைக்குப் பயறு ஊறப்போடுவார். தின்று முடித்த கையோடு பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாக வேண்டும் என்பது அந்த வீட்டில் சட்டம். இரண்டு மாதத்தில் அந்தச் சமையலறை என் மருந்து அலமாரியைவிடச் சுத்தமாக இருந்தது.

ஆனால் குழந்தையின் எடை மட்டும் நகரவில்லை. தட்டை வைத்தால் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் எடை பார்த்துவிட்டு நான் திட்டப் போன நேரத்தில் மூத்தவள்தான் சொன்னாள்: "அம்மா இருந்தப்ப எல்லாரும் ஒண்ணா உக்காந்து திம்போம்ங்க. இப்ப அப்பா எங்களுக்குப் போட்டு வெச்சுட்டு அடுப்பங்கிட்டயே நின்னு தின்னுட்டுப் போயிருவாரு." அண்ணன் அங்கேதான் இருந்தார். அந்த வாரமே, தனக்குப் பிடித்த சேலம் ரூட்டை வேறொரு டிரைவருக்கு விட்டுக்கொடுத்து, பொழுது சாய்வதற்குள் முடிகிற மலை டிரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு விளக்கேற்றும் நேரத்தில் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். தின்னு என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் முடிவு செய்திருந்தார். இளையவள் முதல் நாள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பத்து நாள் கழித்து, அவளே உரித்துக் கொடுத்த அவரைக்கொட்டையில் வைத்த குழம்பை இன்னொரு கரண்டி கேட்டாள். அதை அண்ணன் என்னிடம் சொன்னபோது, பஸ் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் ஹாரன் அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

பரீட்சை முடிந்த மறுநாள் பெரியம்மா ஒரு காலிப் பையோடு வந்தார். எடைக்கருவியோடு நானும் போயிருந்தேன். எடை ஏறியிருந்தது, கண்ணிமைக்குள் சிவப்பு தெரிந்தது. முழுவதும் தேறிவிட்டாள் என்று சொல்ல முடியாது, இன்னும் சில மாதம் ஆகும் என்று உள்ளதைச் சொன்னேன். பெரியம்மா யோசனையோடு சாப்பிட உட்கார்ந்தார். சாமைச் சோறு, அவரைக் குழம்பு, வேர்க்கடலைப் பொடி தூவிய முருங்கைக்கீரை. இளையவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் அமர்ந்து, யாரும் சொல்லாமலே சாப்பிடத் தொடங்கினாள். பெரியம்மா அவளையே பார்த்தார். கடைசியில், "உதிரி உதிரியா வடிச்சிருக்கீங்களே தம்பி. எங்கூட்டுல இப்பிடி வராதுங்க" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "லீவுக்கு மட்டும் ரெண்டு பேரையும் அனுப்பி உடுங்க" என்றபடி பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் நான் அவரைப் பாராட்டினேன். அண்ணன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நேத்து நான் ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கிட்டேன், பாத்தீங்களா நர்சம்மா? அவ போனதுக்கப்புறம் பசிச்சுத் தின்னது நேத்துதாங்க."

மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போய்க் குழந்தையின் எடையைக் குறித்து வந்தவள் நான். சட்டை தோளில் தொளதொளத்துத் தொங்க அங்கே சமைத்துக்கொண்டிருந்த மனிதரிடம், சாப்பிட்டீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிலிருந்து பணி ஓய்வு பெறும்வரை எந்த வீட்டுக்குப் போனாலும், தாளில் எதையும் எழுதுவதற்கு முன் அடுப்பங்கரையில் நிற்பவரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன்.