எலிக்காக நின்ற எஞ்சின்

இதை எழுத நினைத்து நினைத்தே பல வருடம் தள்ளிப்போட்டேன். எங்கள் மேஸ்திரியின் மக்கள் இன்றும் பள்ளிவாசலில் என் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். அவர்கள் மனம் நோகுமே என்ற தயக்கம். அல்லாஹ் அறிய, பகையில் எழுதவில்லை.

கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் நான் எஞ்சின் டிரைவர். கழக ஆட்சி வந்து கூலிக்குச் சட்டம் போட்ட பிறகும் அறுப்பு வந்தால் வயலில் மண்டை உடையும். மேஸ்திரி முன்பு ஒரு மிராசுதாரிடம் ஆள் மேய்த்தவர். அந்தப் பழக்கத்தில் கையில் அறுந்த பெல்ட் துண்டு ஒன்று வைத்திருப்பார். அவர் உத்தரவில்லாமல் மெஷினை நிறுத்தச் சொன்னவர் முதுகு கிழியும்.

ஒருநாள் மெஷினில் நெல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் முந்தானையை பெல்ட் இழுத்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் கத்தியிருந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எஞ்சின் அறையில் எனக்குக் கேட்டிருக்கும். அவள் கத்தவில்லை. உத்தரவு கேட்டு, மேஸ்திரி நின்ற களத்துக்கு ஓடினாள். மேஸ்திரி வந்து எனக்குக் குரல் கொடுப்பதற்குள் அக்காவின் வலது கை முழங்கையோடு போயிற்று. தவிட்டில் ரத்தம் ஊறிக் களியாகக் கிடந்தது. அப்போதும் அவர் ஓடிவந்த பெண்ணைத்தான் விளாசினார்.

"வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்தே?"

முதலாளியின் மருமகன் அப்போதுதான் மில்லுக்குப் பொறுப்பேற்றிருந்தார். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ரத்தச் சட்டையோடு வந்தவர், மேஸ்திரியின் பெல்ட் துண்டைப் பிடுங்கி உமி அடுப்பில் எறிந்தார்.

"யாருக்குப் பயமா இருந்தாலும் நிறுத்துன்னு கத்தலாம். பாய், நீங்க எதுக்குன்னு கேக்காம நிறுத்திடணும்," என்றார் என்னைப் பார்த்து.

"மொதலாளி பேச்சு மதியம் வரைக்கும்தான்," என்றார்கள் பெண்கள். ஒருவரும் நம்பவில்லை.

பிறகு அறுப்புத் தகராறு முற்றியிருந்த ஒரு காலை. மிராசுதாரின் ஆட்கள் தங்கள் நெல்லுக்குக் காவலாகத் தடியோடு மில்லுக்குள் நின்றார்கள். "நிறுத்து" என்று, அன்று களத்துக்கு ஓடிய அதே பெண்ணின் குரல் கேட்டது. நிறுத்திவிட்டு ஓடினேன். அவள் காலில் எலி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"எலிக்காடி நிறுத்துனே?" என்று ஒருவன் தடியை ஓங்கினான். மேஸ்திரி அவள் கொண்டையைப் பிடித்தார். மருமகன் குறுக்கே விழுந்தார். தடி அவர் நெற்றியைப் பிளந்தது. இரண்டாவது அடி தோளில்.

"நான் சொல்லித்தான் கத்துனா. அடிக்கணும்னா என்ன அடிங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் கொக்கியை உருவிக்கொண்டு தடிக்காரர்களைச் சூழ்ந்தார்கள். ஒரு நொடியில் கொலை விழுந்திருக்கும். தடிகள் தாழ்ந்தன.

"கொக்கியக் கீழ போடுங்கப்பா," என்றார் மருமகன். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "எலி போயிடுச்சாம்மா?"

"அது அப்பவே போயிடுச்சுங்க. நீங்க மொதல்ல ஒக்காருங்க."

"அப்ப ஓட்டலாமா?"

"ஓட்டுங்க" என்று அவள் சொன்ன பிறகே எஞ்சினைக் கிளப்பினேன்.

அதன் பிறகு எந்தச் சின்னச் சத்தத்துக்கும் குரல் வந்தது. பெல்ட்டைச் சுற்றிப் பலகை அடித்தவர்கள் மூட்டைக்காரர்களேதான். யாரும் ஏவவில்லை. மேஸ்திரி ஆணி எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ஊரில் இதைச் சொல்பவர்கள் எலியைப் பாம்பாக்கிவிட்டார்கள். பாம்பென்றால் எந்த முதலாளியும் நிறுத்துவான். அந்த மனிதர் அடி வாங்கியது எலிக்காக. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். எலியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.