நீர்முள்ளிக்கு மருந்தடித்த நாள்

காரிமங்கலத்தில் நான் வேலைக்குப் பஸ் ஏறும் இடத்துக்குப் பின்னால் ஏரிக்கரை. மழைக்குப் பிறகு அங்கே நீர்முள்ளி ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். ஆரஞ்சு இறகில் கண்போலப் பொட்டு வைத்த பட்டாம்பூச்சிகள் அதையே சுற்றும். பஸ் தாமதமானால் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன வருஷம் கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் வைத்து அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டார்கள். ஓரமாகக் கிடந்த, விதையோடு காய்ந்த ஒரு தண்டை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

விதையை டம்ளரில் ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தது. பிரிக்கவே முடியவில்லை. அப்படியே மண்ணில் வைத்தேன். பூசணம் பிடித்துப் போனது. மிச்ச விதையை, பின்கட்டில் சும்மா கிடந்த சிமெண்ட் தொட்டியில் சேறு கலக்கி, ஊறவைக்காமல் தூவினேன். முளைத்தது. ஆனால் சேறு காய்ந்தால் போதும், தலை தொங்கிவிடும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் சேர்த்து வைத்து ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "முள்ளுச் செடிக்கா இவ்ளோ பாடுபடறீங்க? ரெண்டு மல்லி நட்டா தலைக்காவது வெக்கலாம்" என்றார். சிரித்து வைத்தேன். உள்ளே எரிச்சல்.

கார்த்திகையில் பூத்தது. பட்டாம்பூச்சி வந்தது. பிறகு ஒரு நாள் இலைகளில் ஓட்டை. திருப்பிப் பார்த்தால் முள் முள்ளாகக் கறுத்த புழுக்கள், அந்தப் பட்டாம்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்தவை. அதற்காகத்தானே இவ்வளவும் என்ற சந்தோஷத்தில் எனக்கு ஆபீசில்கூட வேலை ஓடவில்லை.

அந்த வாரம் ஓசூரில் தங்கை மகளுக்குச் சீர். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தேன். புழுக்கள் தொட்டித் தண்ணீரில் சுருண்டு மிதந்தன. மருந்து நெடி.

என் கணவர் விவசாயி. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உஞ்செடில புழு வுழுந்து இலையெல்லாம் அரிச்சிருந்துச்சு. தோட்டத்துக் கத்திரிக்கு அடிச்சது மீதி இருந்துச்சு, அடிச்சு வுட்டேன்."

"அந்தப் புழுவுக்காகத்தாங்க செடியே வெச்சேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "எனக்கு எப்பிடித் தெரியும்? நீ ஒரு வார்த்த சொல்லலியே."

சொல்லவில்லைதான். ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். புழு வளர்க்கிறேன் என்றால் சிரிப்பார் என்று அவரிடம் மட்டும் சொல்லவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்துத் துலக்கினேன்.

தொட்டித் தண்ணீரை மொண்டு குழி வெட்டி ஊற்றினேன். இலை இலையாகக் கழுவினேன். செடி இப்போது புது இலை விட்டு, ஓட்டையில்லாமல் தளதளவென்று இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை. பட்டாம்பூச்சிகள் பூவில் உட்கார்ந்துவிட்டுப் போகின்றன. புழு ஒன்றையும் காணோம்.

தோட்டத்திலிருந்து வந்ததும் கணவர் நேரே பின்கட்டுக்குத்தான் போகிறார். "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கிறார்.

"இல்லீங்க" என்கிறேன்.