முப்பது டிகிரி ‘லேசான’ ஆட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து, மாடி வீட்டு ஜெரால்டு கையில் ஒரு ஃபாரத்தோடு வந்து நின்றார்.

ஜெரால்டு யாரென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ராயபுரத்துத் தெருவில் பைக் ஓட்டத் தெரியாத ஒரே இளைஞர். விமானம் ஓட்டத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்! ஐம்பது பேர் உட்காரும் சின்ன விமானத்தில் கோ-பைலட். கேப்டன் ஆவதற்கான இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது.

“சார், நீங்க எழுத்தாளர். இதைக் கொஞ்சம்... லேசா எழுதித் தர முடியுமா?”

விஷயம் இதுதான். இரண்டு நாள் முன்பு காலையில், மதுரையிலிருந்து வந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் நேரம். இவருக்கு முன்னால் ஒரு ராட்சத சரக்கு விமானம் இறங்கியிருக்கிறது. பெரிய விமானம் போன வழியில் காற்று சுழன்றுகொண்டே கிடக்குமாம். கண்ணுக்குத் தெரியாது. காற்றே அடிக்காத நாளில் சீக்கிரம் கலையவும் கலையாது. உரிய இடைவெளி விட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆனாலும் சுழல் பிடித்துக்கொண்டது. விமானம் சட்டென்று ஒரு பக்கம் முப்பது டிகிரி சாய... அப்போது ஓட்டிக்கொண்டிருந்த ஜெரால்டு சமாளித்து நிமிர்த்திப் பத்திரமாக இறக்கிவிட்டார்.

இப்படி நடந்தால் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால், ‘இவன் கையிலா சாய்ந்தது?’ என்று இன்டர்வியூவில் யாராவது கேட்டுவிட்டால்? கேப்டன் பதவியே போய்விடுமோ என்று மனுஷனுக்குப் பயம்.

எனக்கா, ஒரே பெருமை! ஒரு விமானியே என் பேனாவை நம்பி வந்திருக்கிறாரே! சாம்பார் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் ‘ஸ்லைட்’, ‘மைல்ட்’ என்று இங்கிலீஷில் இருந்த மெத்தென்ற வார்த்தைகளையெல்லாம் பொறுக்கிப் போட்டேன். முப்பது டிகிரி எங்கே போனதென்றே தெரியவில்லை.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஜெரால்டின் மனைவி ஸ்டெல்லாவும், அவள் அண்ணன் அந்தோணியும் இருந்தார்கள். அந்தோணி காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். எல்லோருக்கும் புரியட்டுமே என்று தமிழிலேயே சொன்னேன்: “இறங்கும்போது விமானம் லேசாக அசைந்தது.”

அந்தோணி ஜெரால்டைப் பார்த்தார்.

“லேசாவா? அப்போ கொடில தொங்குற வெள்ள சட்டைல இன்னா மாப்ள அம்மாம் பெரிய காபிக் கறை?”

“கை தவறிடுச்சுன்னு சொன்னீங்களே!” ஸ்டெல்லா எழுந்தே விட்டாள்.

ஜெரால்டு முழு உண்மையையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்டெல்லா முகம் வெளுத்துப்போனது. அந்தோணி மட்டும் அசரவில்லை.

“கடல்லயும் இதே பேஜாருதான் மாப்ள. பெரிய கப்பலு அப்பால போயே பூட்டிருக்கும். அதோட அலை பொறுமையா வந்து நம்மள தூக்கி அடிக்கும். ஒடனே வயர்லெஸ்ல கத்துவோம்... எந்த எடம், எந்தப் பக்கம், எம்மாம் ஒசரம்னு. லேசுன்னு சொல்லிட்டா பின்னாடி வந்துகினு கீறவன் ஐஸ் பொட்டியக் கட்ட மாட்டான்.”

“கத்தினா பயந்தாங்கொள்ளின்னு சிரிக்க மாட்டாங்களா மச்சான்?”

“சிரிப்பானுங்க. கரைக்கு வந்து சிரிப்பானுங்க. உசுரோட வந்து சிரிச்சா நமக்கு இன்னா நஷ்டம்?”

ஜெரால்டு என் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக வாங்கி, இரண்டாகக் கிழித்தார். என் படைப்பு ஒன்று என் கண்ணெதிரே கிழிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. கொஞ்சம் வலித்தது - லேசாகத்தான்.

பாருங்கள், நானும் இப்படித்தான்! டாக்டர் கேட்டால் ‘லேசா வலி’. மேனேஜர் கேட்டால் ‘சின்ன ப்ராப்ளம் சார்’. நீங்கள் மட்டும் என்னவாம்? பெரிசாகச் சொன்னால் நம்மைச் சின்னதாக நினைத்துவிடுவார்களோ என்று எல்லோருக்குமே ஒரு கூச்சம்.

ஜெரால்டு புதிதாக எழுதினார். முப்பது டிகிரி, எவ்வளவு உயரம், எத்தனை மணி, முன்னால் போனது எது, காற்றே இல்லை... எல்லாம். அன்றைக்கே தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்கு ஃபேக்ஸ் போனது.

இந்தச் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. இவருக்கு முன்னால் நாலு பேர் போனார்கள். நாலு பேரிடமும் அதே கேள்வி: “முன்னால் போன விமானத்தின் சுழலில் எப்போதாவது மாட்டியதுண்டா?” நாலு பேரும் சொன்ன பதில், “நெவர் சார்!” வெளியே வந்து, “நீயும் அப்படியே சொல்லிடுப்பா” என்று இவருக்கு இலவச டியூஷன் வேறு.

உள்ளே போனால், மேஜை மேல் இவருடைய ஃபேக்ஸ்.

“எஸ் சார். முப்பது டிகிரி” என்றிருக்கிறார், வியர்த்துக்கொண்டே.

“இதைப் படிச்ச பிறகுதான், காற்றில்லாத காலையில இன்னும் இடைவெளி விட்டு வாங்கன்னு எல்லா பைலட்டுக்கும் சொல்லியிருக்கோம்” என்றாராம் நடுவில் இருந்த பெரியவர். “அதே வானத்துல பறக்குற மத்தவங்களுக்கு மட்டும் எப்படித்தான் ஆடலையோ!”

அடுத்த மாதம் முதல் அவர் கேப்டன் ஜெரால்டு. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

நானும் அடுத்த மாதம் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஓட்டுகிறவர் ஜெரால்டு என்றால் எனக்கு ஜன்னலோர சீட். ‘நெவர் சார்’ யாராவது என்றால்... எழும்பூரில் ரயில் இருக்கிறது.