ஒரு கிலோமீற்றருக்குள்ளே

ஸ்காபரோ வீடுகளின் கூரைக்குள் புகுந்துவிடும் ரக்கூன்களையும் அணில்களையும் வெளியே எடுப்பதுதான் கிறிஸ்ரினாவின் வேலை. மன்னாரிலிருந்து இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில் பேக்கரியில் நின்றாள். பிறகு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. ஏணிக்குப் பயப்படாதவள் என்று ஒரு சிநேகிதி இந்தக் கொம்பனியில் சேர்த்துவிட்டாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற இடங்களுக்குள் தவழ்ந்து போவது அவளுக்கு ஏனோ பிடித்துப்போனது.

மே மாதத்துப் பின்னேரம் ஒன்றில், கூரை ஓட்டையை அடைக்கவேண்டும் என்று அதே ஊரின் அஜின்கோர்ட் பகுதியிலிருந்து யோகராணி என்றொருவர் அழைத்திருந்தார். கிறிஸ்ரினா வான் வண்டியை நிறுத்தியபோது, யோகராணியின் கணவர் சண்முகநாதன் ஒரு கம்பிக் கூட்டைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு, பூனையைவிடப் பெரிய ரக்கூன். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் உரித்த வாழைப்பழமும்.

“வாங்கோ தங்கச்சி. ஆளைக் காலமை பிடிச்சிட்டன். நீங்கள் ஓட்டையை அடையுங்கோ, நான் உவரை ஏரிக்கரைக் காட்டுக்குள்ள விட்டிட்டு வாறன். மரம் இருக்கு, மீன் இருக்கு, சந்தோசமா இருப்பார்.”

“அவ்வளவு தூரம் கொண்டு போகேலாது அண்ணை. பிடிச்ச இடத்துக்கு ஒரு கிலோமீற்றருக்குள்ள, ஒரு நாளுக்குள்ள விடவேணும். இஞ்ச சட்டம் அப்பிடி.”

சண்முகநாதனின் முகம் சுருங்கிப்போனது. “நான் கொல்லேல்லையே பிள்ளை. நல்ல இடமாத்தானே பாத்தனான்.”

“தெரியாத இடத்தில எங்க பதுங்கிறது, எங்க தின்னுறது எண்டு அதுக்குத் தெரியாது. நோய் வருத்தம் இருந்தா அங்க உள்ளதுகளுக்கும் தொத்தும். அதோட…” குனிந்து பார்த்தவள் நிறுத்தினாள். வயிற்று மயிர் விலகி, முலைக்காம்புகள் சிவந்து கிடந்தன. “உவர் இல்லை அண்ணை, உவ. பால் குடுக்கிறா. மேல குட்டியள் இருக்கு.”

அவர் கூட்டை மெதுவாக நிலத்தில் வைத்தார். “ஐயோ, காலமையிலயிருந்து பசியோட கிடக்குங்களே!”

கூரைக்குள், குளிருக்காகப் பரப்பியிருந்த பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே நான்கு குட்டிகள் குருவி மாதிரிக் கீச்சிட்டன. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கிறிஸ்ரினா கையுறை போட்டு ஒவ்வொன்றாய்ப் பெட்டிக்குள் வைத்தாள். குட்டிகள் குளிராமலிருக்க யோகராணி ஒரு போத்தலில் சுடுதண்ணீர் விட்டு, துவாயால் சுற்றித் தந்தார். ஓட்டையின் வாயில், வெளியே வரலாம் உள்ளே போக முடியாது என்கிற மாதிரி ஒருவழிக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டு, பெட்டியை வெளியே சுவரோரம் வைத்துக் கூட்டைத் திறந்தாள். ரக்கூன் ஒருவரையும் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது.

“போயிட்டா!” என்றார் சண்முகநாதன்.

“வருவா.” எல்லாத் தாயும் திரும்பி வந்ததில்லை. அதை அவள் சொல்லவில்லை.

மூவரும் குசினி யன்னலடியில் காத்திருந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே யோகராணி கேட்டார்: “உங்களுக்குப் பிள்ளையள்?”

“ஒரு மகள். ஸ்டெபனி.” வழக்கமாக அவள் அதோடு நிறுத்திக்கொள்வாள். இன்றைக்கு ஏனோ வாய் நிற்கவில்லை. “சின்னதில மன்னாரில என்ர தங்கச்சியோட விட்டிட்டு வந்தனான். அவளை இஞ்ச கூப்பிடுற பேப்பர் சரிவர வருசக்கணக்காப் போச்சு. எயார்போட்டில என்னைக் கண்டிட்டு, ‘ஹலோ அன்ரி’ எண்டாள்.”

“கடவுளே. பிறகு எப்ப அம்மா எண்டவள்?”

“பனி கொட்டத் தொடங்கின பிறகு. பூட்ஸ் இறுகிப்போய்க் கழட்டேலாமல், ‘அம்மா, இழுத்து விடுங்கோவன்’ எண்டு கத்தினாள். நான் இழுக்காமல் பக்கத்தில இருந்து அழுதனான். அவளுக்குக் கோவம்.”

யோகராணி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பொழுது மங்கும் நேரம் வேலி மேல் ஒரு நிழல் அசைந்தது. ரக்கூன் இறங்கி வந்து பெட்டியை மோந்தது. ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு போனது. திரும்பி வந்தது. மறுபடியும் வந்தது. கடைசிக் குட்டிக்குத்தான் நேரமெடுத்தது. இருப்பதற்குள் அதுதான் சின்னது. சண்முகநாதன் யன்னல் சீலையை இறுகப் பிடித்தபடி நின்றார். கடைசியில் வந்தது. பெட்டிக்குள் ஏறிக் குந்தி, குட்டியைத் தலையிலிருந்து வால்வரை நக்கிவிட்டு, பிறகுதான் தூக்கிக்கொண்டு போனது.

ஓட்டையை நிரந்தரமாக அடைக்க அடுத்த கிழமை கிறிஸ்ரினா போனபோது, சண்முகநாதன் அவளைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். பக்கத்து வீட்டுக் கிழட்டு மேப்பிள் மரத்தில் ஒரு பொந்து.

“அதுக்குள்ளதான். நாலும் இருக்கு. சின்னவனும் நல்லாத் தேறிட்டான்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “மெல்லமாக் கதையுங்கோ தங்கச்சி. இப்பதான் படுத்தவை.”