ஆறுகளுக்கு அப்பால் வாழும் நெடிய ஜனம்

சனிக்கிழமை காலை வெம்பிளி பார்க் நிலையத்தில் ஜூபிலி லைன் ரயிலிலிருந்து இறங்கினேன். தூறல். என் கணவரின் நண்பர் செல்வம் வேனுடன் வெளியே நின்றிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த எலெக்ட்ரீஷியன். நான் பாளையங்கோட்டை இறையியல் கல்லூரியில் பைபிளின் பழைய ஏற்பாடு கற்பிப்பவள் என்பது அவருக்குத் தெரியும். பெட்டியை ஏற்றுமுன்பே கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, ஆறுகள் பிரிக்கிற தேசம், சிதறிப்போன ஜனம் எண்டு ஏசாயா தீர்க்கதரிசி சொல்லுறார் எல்லே? அது நாங்கள்தானே? நாளைக்குச் சபையில அதைத்தான் பேசப்போறன்."

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லண்ணே. அது எகிப்துக்குத் தெற்கே, நைல் பக்கம் இருந்த ஜனம். எபிரேயத்துல அந்தச் சொல்லுக்கு 'சிதறின'ங்கிறதைவிட 'நெடிய', அதாவது உயரமானங்கிறதுதான் பொருந்தும்."

பெட்டியை ஏற்றி அவர் வீட்டுக்கு ஓட்டினார். வேனை நிறுத்திய பிறகு, "என்ர தம்பி ரவி எங்கை எண்டு இண்டுவரைக்கும் தெரியேல்லை. எங்கட சனம் அந்த வசனத்தில இருந்தா, அவனும் இருக்கிறான் எண்டு நினைச்சன்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பிற்பகலில் பக்கத்து வீட்டு மஜோக் தேநீருக்கு வந்தார். தென் சூடான்காரர், பஸ் ஓட்டுநர். வாசலில் குனிந்துதான் நுழைய முடிந்தது. செல்வம் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் மஜோக் ஆங்கிலத்தில், "அது நாங்கள்தான். என் அம்மா சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறாள்" என்றார், தன் தெருப் பெயரைச் சொல்வதுபோல.

ஞாயிறு காலை செல்வம் என்னோடு மஜோக்கையும் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இந்த வசனம் எங்கட இல்லை. இவற்ற ஆக்களுக்குரியது" என்று மஜோக்கைக் காட்டிச் சபையில் சொன்னார். "ஆனா தம்பிக்காகக் கடவுளிட்டக் கேக்கிறதுக்கு எனக்கு வசனம் என்னத்துக்கு?" அப்படியே கண்ணை மூடி, "ரவீந்திரன்" என்றார். அந்தப் பெயரை அவர் அங்கே சொன்னது அதுதான் முதல் தடவையாம். தமிழ் தெரியாத மஜோக் எழுந்து நின்று, "ரபிந்திரான்" என்றார். அவருக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

செவ்வாயன்று விமானம் ஏறினேன். எங்கள் கல்லூரியில், அந்த ஜனம் யார் என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி.