மந்திரித்த எண்ணெயைச் சுற்றி ஒரு வளையம்

அக்கா வீட்டுக்குள் கிருமி வளர்த்த அதே ஆவணி விடுமுறையில்தான் அப்பாவின் காலில் திருக்கை முள் ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

கிருமி, பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்காக. அக்கா உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். நோன்பு காலத்தில் பக்கத்துத் தெருக்காரர் இனிப்புச் செய்ய வாங்கும் கடற்பாசியை இறைச்சிச் சாற்றில் காய்ச்சி, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தாள். பிறகு அம்மாவின் மீன் வெட்டும் பலகையைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைத் தட்டுகளில் பூசினாள். மின்குமிழ் எரியும் ஒரு பெட்டிக்குள் தட்டுகள் அலுமாரிக்கு மேல் இருந்தன. எங்கள் கீரிக் கிராமத்தில் எத்தனையோ வீட்டில் மீன் வெட்டுகிறார்கள், ஊத்தைப் பலகை என்று கண்காட்சியில் வைக்கத் தன் பலகைதானா அகப்பட்டது என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு தட்டிலும் மூன்று சிறிய கடதாசி வட்டங்கள். ஒன்றில் கராம்பு எண்ணெய், ஒன்றில் யூக்கலிப்டஸ் தைலம், மூன்றாவதில் வெறும் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் எதற்கு என்று கேட்டேன்.

"அது ஒண்டும் செய்யக்கூடாது. அப்பத்தான் மற்றது செய்தது எண்டு தெரியும்," என்றாள் அக்கா.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகவே ஒன்றை வைப்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் எடுத்துவரும் வேலை எனக்குத்தான் தரப்பட்டது. குசினிப் போத்தல் காலியாக இருந்தது. ஆகவே அந்தோனியார் சுரூபம் நிற்கும் சுவர்த் தட்டிலிருந்த போத்தலில் கொஞ்சம் மூடியில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை.

அது அந்தோனியார் திருநாளில் கோயிலில் சாமியார் செபித்து மந்திரித்த எண்ணெய். அம்மா அதை ஒருநாளும் முடியவிட்டதில்லை. பாதிக்குக் கீழே இறங்கினால் கடை எண்ணெயை ஊற்றி நிரப்பிவிடுவார். பழைய எண்ணெய் புதியதையும் மந்திரித்ததாக்கிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். அன்று காலை குசினிப் போத்தல் காலியானதும் அப்படி நிரப்பியதில்தான்.

எண்ணெய் அவ்வளவு வேகமாக இறங்கியதற்குக் காரணம் அப்பாவின் கால். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது திருக்கையை மிதித்துவிட்டார். முள்ளைப் பிடுங்கிச் சுடுதண்ணீரில் காலை வைத்ததோடு சரி. அவருக்குச் சீனி வருத்தம் வேறு, புண் லேசில் ஆறாது. ஒரு கிழமையில் சின்ன விரல் கறுத்து, பாதம் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவார். விரலில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன பெரியப்பா விரல் இல்லாமல் திரும்பி வந்தவர்.

"எனக்கு அஞ்சு விரலும் வேணும். எண்ணெயைப் பூசு," என்பார் அம்மாவிடம். அம்மா பின்னேரச் செபமாலை முடிந்ததும் காயத்தைச் சுற்றிப் பூசுவார்.

இரண்டாம் நாள் அக்கா தட்டுகளை இறக்கினாள். வெள்ளைப் பாசி படர்ந்தது போல எங்கும் கிருமி. கராம்பு வட்டத்தைச் சுற்றி மட்டும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குத் துப்புரவான வளையம். யூக்கலிப்டசுக்குச் சிறிய வளையம். மூன்றாவதன் ஓரம் வரைக்கும் கிருமி வந்து, கடதாசியின் மேலும் ஏறியிருந்தது. அக்காவுக்கு நல்ல சந்தோசம். நான் அந்த மூன்றாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த எண்ணெய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்வது அந்தோனியாரைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது.

"கராம்பை அப்பான்ர காலில பூசினால் என்னக்கா?"

"தட்டு வேற, கால் வேற. அப்பாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

அந்தப் பதிலை நான் கேட்டேன். ஆனால் கிருமி கிருமிதானே, எங்கே இருந்தால் என்ன? அந்தோனியாருக்குப் பலம் போதவில்லை, கராம்புக்கு ஆசீர்வாதம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் சரி. அம்மா நிரப்புவது போலத்தான் நானும் நிரப்புகிறேன் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் அக்கா குளிக்கப் போன நேரத்தில் கராம்பு எண்ணெயில் முக்கால்வாசியை மந்திரித்த போத்தலுக்குள் ஊற்றிக் குலுக்கி, சுரூபத்தின் காலடியில் பழையபடி வைத்தேன்.

பின்னேரம் அம்மா பூசியதும் அப்பா காலை இழுத்தார். எரியுது என்றார். வேலை செய்யத் தொடங்கிவிட்டது, பொறுங்கோ என்று அம்மா இன்னும் கொஞ்சம் பூசினார். கராம்பு மணத்தை அம்மா கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு நாளாக அந்த வீட்டில் எல்லாமே கராம்புதான் மணத்தது.

விடிய, பாதத்தின் மேற்பக்கம் முழுவதும் தோல் கொப்பளித்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சேட்டை எடுத்துப் போட்டார். சித்தப்பா ஓட்டோவைக் கொண்டுவந்தார். நான் கிணற்றடியில் நின்றேன். அப்பாவின் விரலை வெட்டினால் அது என்னால்தான் என்று நினைத்தேன்.

விரலை வெட்டவில்லை. செத்த தோலை எடுத்து, ஊசி ஏற்றி, வார்டில் வைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் விரல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். அம்மா அதை வாசலிலேயே நின்று சொன்னார். சும்மா சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்று அந்தோனியார் சுட்டு அனுப்பியிருக்கிறார் என்பது அம்மாவின் முடிவு. பிறகு போத்தலைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார்.

"உன்ர கிருமிக்கு இதையும் வைச்சுப் பாரன்."

அக்கா சிரித்துக்கொண்டு வைத்தாள். இரண்டு நாள் கழித்துத் தட்டை இறக்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது. மந்திரித்த எண்ணெயைச் சுற்றி வட்டமான, துப்புரவான வளையம். அம்மா பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிவந்து காட்டினார். மாமி தட்டின் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார்.

அக்கா தட்டை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு கராம்புப் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து, அடியில் மிஞ்சியிருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இப்ப என்ன சொல்லுறாய்?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. வேலை செய்யுது."

அந்தத் தட்டை அவள் கண்காட்சிக்குக் கொண்டுபோகவில்லை. அன்று அம்மா ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, மந்திரித்த போத்தலைக் கிணற்றடியில் கவிழ்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்து, கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயால் பழைய அளவுக்கு நிரப்பி, சுரூபத்தின் காலடியில் வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இவ்வளவு படித்தவளுக்கு நான் செய்தது பிடிபடவில்லை என்றுதான் நான் ஆறுதலடைந்தேன். அப்படியென்றால் ஏன் கழுவினாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பா ஐந்து விரலோடு வந்தார். காயம் முழுவதும் ஆறிய பிறகும் பின்னேரங்களில் அம்மா அந்தத் தழும்பில் எண்ணெய் பூசினார். எரியவில்லை, கொப்பளிக்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டியிருப்பார். அக்கா மேசையில் புத்தகத்தை விரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொய் எண்ணெய் என்று தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது.