ரூத் அக்கா இறக்கிய படம்

செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணன் அழைத்தார். "தம்பி, அக்கா போயிட்டா. தேத்தண்ணி கலக்கிட்டு இருந்தா. நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தா, அவ்ளோதான்" என்றார். ரூத் அக்கா அவருடைய மனைவி. எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுங்கைப் பட்டாணியில் நாங்கள் ஒன்றாகப் போன சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்தியவர்.

மதியத்துக்குள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலி அட்டை வந்துவிட்டது. மூலையில் தபால்தலை அளவில் அக்காவின் முகம். நடுவில், கைகளை விரித்துச் சிரித்தபடி போதகர். அதற்கும் கைகூப்பும் குறி போட்டீர்கள், சபையாரே. ஆறு ஆண்டுகளாக அக்காவைச் சந்தையில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் குற்றம் என்னுடையது. போதகரின் ஆளுயரப் படத்தை ஆராதனைக் கூடத்தின் முன்சுவரில் மாட்ட ஏணியில் ஏறியவன் நான். அங்கிருந்த மரச்சிலுவையை நான் கழற்றியபோது அக்கா கீழே நின்றிருந்தார்.

"இத எங்க வைக்கப் போற?"

"பக்கத்துல வச்சிக்கலாம் அக்கா."

"பக்கத்துலயா" என்றார்.

பிறகு போதகரின் முகம் ஜெப எண்ணெய்ப் புட்டிகளில் வந்தது; கார்களில் தொங்கியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் படத்தில் கை வைத்து ஜெபித்தோம். விக்கிரகம் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வாதாடியவர்களும் நாம்தான்.

என் மனைவி கிரேஸுக்கு இனிப்புநீர் நோய், சர்க்கரை எப்போதும் கூடுதல். "மாத்திரையை நம்புவாயா, ஆண்டவரை நம்புவாயா?" என்று போதகர் மேடையிலிருந்து கேட்டார். அவள் மாத்திரையை நிறுத்தினாள். நானும் தலையாட்டினேன். காலில் புண் வந்தது. அவர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயைத் தடவினோம். செய்தி கேள்விப்பட்டு அக்கா செமிலிங்கில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். புண்ணைப் பார்த்ததும் கிரேஸைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார். "நீ வர்றதுனா வா, இல்லாட்டி வழிய விடு" என்றார் என்னிடம். மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். போதகர் வரவில்லை. 'உங்கள் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது' என்று செய்தி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை தொடங்குமுன் அக்கா ஏணி போட்டு ஏறிப் படத்தை இறக்கினார். உடைக்கவில்லை. முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.

"இது மேல இருக்கிற வரைக்கும் நான் யாருகிட்ட ஜெபம் பண்றேன்னு எனக்கே தெரியல லா" என்றார்.

மூப்பர்கள் இருவர் அவர் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். நீங்கள் பாட்டைத் தொடங்கினீர்கள். அந்த வாரமே படம் பழைய இடத்துக்குப் போனது.

நானும் கிரேஸும் சபையைவிட்டு வெளியே வந்தோம். புக்கிட் செலம்பாவில் அக்கா வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபிப்போம். ஒரு பெண் அவரைத் 'தீர்க்கதரிசி அம்மா' என்று அழைத்தபோது, "ஒன்ன இறக்கிட்டு இன்னொன்ன ஏத்தாத. அக்கான்னு கூப்பிடு" என்று கண்டித்தார்.

ஆனால் எனக்கு ஜெபம் வரவில்லை. போதகரை எல்லோர் முன்னும் நாசமாக்க வேண்டும் என்றே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பிரசங்கக் காணொளிகளைப் பார்த்து, ஒவ்வொரு பொய்யையும் வெட்டிச் சேமித்தேன். ஒருநாள் அக்கா என் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்.

"தினமும் பாக்குறியா?"

"ஆமா."

"பைபிள?"

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"அன்னைக்குச் சுவத்துல மாட்டுன. இன்னைக்கு நெஞ்சுல மாட்டியிருக்க. கும்பிட்டாலும் வெறுத்தாலும் அவர்தான் நடுவுல இருக்காரு, தம்பி."

அன்று அக்காவின் மேலும் கோபம் வந்தது. ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

அடக்கத்தன்று போதகர் படம்பிடிப்பவரோடு வந்தார். பெட்டியின் தலைமாட்டில், அக்காவின் முகத்தை மறைத்து நின்றார். "இந்தச் சகோதரி என் ஊழியத்தில் வளர்ந்தவர்" என்று தொடங்கினார். ஆறு ஆண்டுகள் சேர்த்து வைத்த எல்லாம் என் நாக்கில் நின்றது. சக்கர நாற்காலியில் கிரேஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தேன்.

"பாஸ்டர், கொஞ்சம் நகருங்க. அக்கா முகம் தெரியல."

அவர் புரியாமல் பார்த்தார். மறுபடி சொன்னேன். பின்வரிசையில் யாரோ, "ஆமா, நகருங்க" என்றார்கள். சாமுவேல் அண்ணனும் சொன்னார். போதகர் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே போய்விட்டார். படம்பிடிப்பவர் கருவியை இறக்கினார். எனக்கு அது இனித்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். கிரேஸ் தினமும் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது அந்த ஆள் நாசமாகட்டும் என்றே மனம் சொல்கிறது. அக்காவுக்கும் கோபம் இருந்தது. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்து முடித்ததும் அது அவரைவிட்டு இறங்கிவிடும். அந்தக் கோபத்தைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அப்படி இறக்கி வைக்க எனக்கு இன்னும் பழகவில்லை. சேமித்த காணொளிகளை நேற்று அழித்தேன். இந்த எழுத்தில் போதகரின் பெயரை எங்கும் எழுதவில்லை. இரக்கத்தினால் அல்ல. அக்காவுக்கான தாளில் அந்த ஆளுக்கு இடமில்லை.